தங்கச்சியின் குளக்கட்டு

என் வீட்டுக் குசினி யன்னலைத் திறந்தால் தங்கச்சியின் குளக்கட்டுத்தான் தெரியும். வானத்தைப் பார்ப்பதென்றால் அந்தக் கட்டுக்கு மேலால்தான் பார்க்க வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு முழம், நீளம் நடந்தால் நூற்றிருபது காலடி, முழுக்க மண். மேலே அறுகம்புல். பதினைந்து வருடமாக அந்த யன்னலுக்கு முன்னால் நின்று தேங்காய் துருவுகிறேன். பதினைந்து வருடமாக வயிறெரிகிறேன்.

எங்கள் தீவில் குளமென்றால் ஊருக்கு உரியது, இல்லாவிட்டால் கோயிலுக்கு உரியது. ஒரு வீட்டுக்காரருக்குச் சொந்தமாகக் குளம் இருப்பது அபூர்வம். அப்பாவின் காணி இரண்டு துண்டு. முன் துண்டில் வீடு, கிணறு, ரோட்டுக்கரை, காய்க்கிற பனைகள். பின் துண்டில் பற்றைக்காடும், மாடுகளுக்குத் தண்ணீர் தேக்கவென்று யாரோ எப்போதோ போட்டு உடைந்துபோன ஒரு மண் கட்டும். எனக்குக் கலியாணம் பேசியபோது அப்பா கேட்டார்.

"மூத்தவள் நீ. எது வேணுமெண்டு நீயே சொல்லு."

நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. முன் துண்டு என்றேன். பின் துண்டு தங்கச்சிக்குச் சீதனமாகப் போனது. அவள் அதற்கு முகம் சுழித்ததாக எனக்கு ஞாபகமில்லை. சுழித்திருந்தால் இப்போது எனக்கு எவ்வளவோ ஆறுதலாயிருக்கும்.

பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். கனகாலம் வெளியிலிருந்து திரும்பி வந்தபோது என் கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். பழைய கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. தங்கச்சியும் கணவரும் பின் துண்டில் ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவர் மண் கிண்டுகிற பெக்கோ மெசின் ஒன்றைக் கொண்டுவந்து, உடைந்த கட்டை அடிவரை கிளறி, களிமண்ணைச் சாண் சாணாகப் போட்டு, ஒவ்வொரு சாணுக்கும் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, மனுசனுக்கு விசர் என்று நினைத்தேன். இரண்டு மாரி போனது. குளம் நிரம்பியது. அவர்கள் வீட்டில் தேத்தண்ணீர் தேத்தண்ணீர் மாதிரி இருந்தது.

அதைவிடக் கொடுமை, என் கிணறும் நன்னீராயிற்று. கட்டின் அடிதான் என் பின்வேலி. மேலே தேங்கிய மழைத்தண்ணீர் நிலத்துக்குள் இறங்கி என் கிணற்று உப்பைத் தள்ளிக்கொண்டு போனது. ஊரில் எல்லோரும் எனக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். எனக்கோ ஒவ்வொரு வாய் தண்ணீரும் அவள் தந்ததாகத் தெரிந்தது. உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவளைத் திட்டியிருந்தால் நிம்மதியாய் இருந்திருப்பேன். நல்ல தண்ணீரைக் குடித்துக்கொண்டு திட்டுவதற்கு ஒரு தனி மனம் வேண்டும். எனக்கு அது இருந்தது.

தங்கச்சியின் கணவர் இருந்தவரை கட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. மாரிக்கு முன்னால் மண்வெட்டியோடு நடப்பார். எலிப் பொந்து, உடும்புப் பொந்து எல்லாம் தேடித் தேடி அடைப்பார். மாடு ஏறிய தடத்தைச் சமப்படுத்துவார். ஒரு செடி தலைகாட்ட விடமாட்டார். கட்டின் ஓரத்தில் கல் பதித்துக் கொஞ்சம் தாழ்வாக ஒரு வாய் விட்டிருந்தார். குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் கட்டுக்கு மேலால் பாயாமல் அதால் வழிந்து உவர்வெளிக்குப் போய்விடும். அதை நாங்கள் வான் என்போம். வானைத் துப்புரவாக வைத்திருப்பதில் அவருக்கு ஒரு வெறி. அந்த மனிதரும் ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கட்டு தங்கச்சியின் கைக்கு வந்தது.

அவள் கட்டை அழகாக வைத்திருந்தாள். அதுதான் பிழை. நிழலுக்கென்று கட்டின் மேல் பூவரசுகளை நட்டாள். ஏறி இறங்கப் படி கட்டினாள். வானால் ஓடுகிற தண்ணீர் வீண்தானே என்று வானுக்குக் குறுக்கே மண்மூட்டைகளை அடுக்கி, முழங்கால் உயரத்துக்குத் தண்ணீரைக் கூட்டினாள். இந்தத் தீவில் நல்ல தண்ணீர் கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. நானென்றாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குப் பிறகு வந்தது புற்று. கட்டின் நடுவில், என் குசினி யன்னலுக்கு நேரே, கறையான் ஒரு புற்றை எழுப்பியது. யாரோ அதற்குள் நாகம் போவதைக் கண்டார்களாம். நாகம் குடைபிடிக்கிற நயினாதீவு அம்மன் இருக்கிற கடலைப் பார்த்தபடி வாழ்கிற சனத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். மஞ்சள் துணி வந்தது, தகரக் கூரை வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் பால் வந்தது, முட்டை வந்தது. கரம்பொன்னிலிருந்தும் மடத்துவெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ரோட்டுக்கரையில் இருக்கிற என் படலையில் நின்று கேட்டார்கள்.

"அக்கா, நாகம்மா குளம் எங்காலை?"

"அங்காலை," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கையைக் காட்டுவேன். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்களுக்கும் அதே முகம்தான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் வளவு வடலிப் பனைகளுக்குள்ளும் ஒரு சின்னப் புற்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடியப் போய், ஒருவரும் பார்க்காமல், அதற்கு ஒரு கோப்பை பால் ஊற்றினேன். ஒரு முட்டையும் வைத்தேன். எறும்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பூனை வந்தது. நாகம் வரவில்லை. அவளுக்குக் குளமும் கொடுத்து நாகத்தையும் கொடுத்த அம்மன் எனக்குப் பூனையை அனுப்பினாள் என்று இரண்டு நாள் பொருமிக்கொண்டிருந்தேன்.

மழைக்கு முந்திய அந்தப் புரட்டாதியில் ஒரு நாள் தங்கச்சி நயினாதீவுக் கோயிலுக்குப் படகேறிப் போயிருந்தாள். மத்தியானம் போல் என் படலையில் ஒரு மோட்டார்சைக்கிள் நின்றது. சின்னக் குளங்களைப் பார்த்துத் திரிகிற ஓர் உத்தியோகத்தர். நல்ல பண்பான ஆள்.

"அம்மா, பின்னால இருக்கிற குளக்கட்டு உங்கடையோ?"

"ஓம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல ஏலாது. அந்தச் சொல் வாயில் வந்ததும் நன்றாகத்தான் இருந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தேன். கட்டின் மேல் ஏறி, இது வான், இது படி, இந்தப் பக்கத்தால்தான் தண்ணீர் வரும் என்று காட்டினேன். காற்று அடித்தது. குளத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. அதுவும் என்னுடையது.

"நல்லா இறுக்கிப் போட்ட கட்டு. ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"எங்கட வீட்டு ஆக்கள்தான்," என்றேன். அது முழுப் பொய்யில்லை.

பிறகு அவர் குறைகளைச் சொல்லத் தொடங்கினார். பூவரசு நிற்கக் கூடாது, வேர் போகிற வழியால் தண்ணீர் போகும். வானில் அடுக்கிய மூட்டைகளை எடுத்துவிட வேண்டும், குளம் நிரம்பி வழி இல்லாவிட்டால் தண்ணீர் கட்டுக்கு மேலால் ஏறும். கடைசியில் புற்றுக்கு முன்னால் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"குறை நினையாதேங்கோ அம்மா, நானும் சாமி கும்பிடுற ஆள்தான். ஆனால் புற்று வெளியில இருக்கிற அளவுக்கு உள்ளுக்கும் கோறை, வெறும் பொந்து. அதோட பாலும் தண்ணியும் வேற ஊத்துறியள். மாரிக்கு முதல் இதைக் கிண்டி எடுத்து, களிமண் போட்டு இடிச்சு நிரப்ப வேணும்."

"செய்விச்சுப்போடுவன்," என்றேன், சொந்தக்காரியின் குரலில்.

இறங்கும்போது என் வேலியோரம் கட்டின் அடியைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். "இதில கசிவு வந்தால் பாருங்கோ. தெளிஞ்ச தண்ணியெண்டால் பயமில்லை. கலங்கி வந்தால் கட்டு உள்ளுக்குள்ள கரையுது எண்டு அர்த்தம். உடன குளத்துத் தண்ணியைக் குறையுங்கோ. கசியிற வாயை அடைக்கப் போகாதேங்கோ, சுத்திவர மூட்டை அடுக்குங்கோ."

அவருக்கு என் கையால் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினேன்.

பின்னேரம் தங்கச்சி வந்தாள். வேலியால் கையை நீட்டி எனக்குத் திருநீறும் கற்கண்டும் தந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. எப்படிச் சொல்வது? உன் கட்டைப் பற்றி ஒருவர் இதெல்லாம் சொன்னார் என்றால், என்னிடம் சொல்லாமல் உங்களிடம் ஏன் சொன்னார் என்று கேட்பாள். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இருந்தாலும் மனம் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை புற்றடியில் நாலைந்து பெண்கள் நிற்கும்போது ஏறிப் போய், பொதுவாகச் சொல்வதுபோல், "கட்டில புற்று இருக்கிறது கூடாதாம். உள்ளுக்குக் கோறையாம்," என்றேன்.

தங்கச்சி பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போன மாதம் தவளைச் சத்தம் எண்டனீங்கள். அதுக்கு முந்தின மாதம் பால் பக்கற் உங்கட வளவுக்க பறக்குது எண்டனீங்கள். இப்ப புற்றோ அக்கா?"

பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒன்றுமில்லாததற்கெல்லாம் குறை சொல்லி வைத்தவள் நான். உண்மையான குறை வந்தபோது அதுவும் அந்தக் கும்பலில் ஒன்றாகப் போய்விட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இனி நடக்கிறது நடக்கட்டும் என்று படியால் இறங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு நான் நினைத்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. கட்டு முழுதாக உடைய வேண்டாம். ஒரு மூலை சரிந்தால் போதும். அவள் முகம் ஒரு நாளாவது தொங்க வேண்டும். தேங்காய் துருவும்போது இதை நினைப்பேன். கட்டு சரிந்தால் முதலில் தண்ணீர் வருவது நான் நிற்கிற அதே குசினிக்குள் என்பது எனக்கு அப்போது நினைவே வரவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடாமல் பெய்தது. குளம் தளும்பியது. வானில் மூட்டைகள் அடுக்கியிருந்தபடியால் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. ஊரே வந்து பார்த்து, இப்படி ஒரு காலமும் நிரம்பியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. நான் யன்னலைச் சாத்தி வைத்திருந்தேன்.

ஆறாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கோழிகளைப் பார்க்கப் பின்வளவுக்குப் போனேன். வேலியோரம், புற்றுக்கு நேர் கீழே, நிலத்தில் ஓரிடம் அசைந்துகொண்டிருந்தது. உலையில் அரிசி கொதிக்கும்போது நடுவில் எழும்புமே, அதுபோல் மண் எழும்பி எழும்பி அடங்கியது. சுற்றிவரச் சிவந்த சேற்றுத் தண்ணீர். குனிந்து உள்ளங்கையில் அள்ளினேன். கையின் ரேகை தெரியவில்லை.

படியால் ஓடி ஏறினேன். தங்கச்சி குடையைப் பிடித்துக்கொண்டு கட்டின் மேல் நின்றாள். நிறைந்த குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

"கீழ கலங்கல் தண்ணி வருது. வானில இருக்கிற மூட்டையளை எடு. தண்ணியைக் குறைக்க வேணும்," என்று கத்தினேன்.

"ஒரு வருசத்துத் தண்ணி அக்கா. கடலுக்கு விடட்டோ?"

"கட்டு உள்ளுக்குள்ள கரையுது."

"உங்களுக்கு என்ர குளம் நிரம்பினால் பொறுக்காது," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்வது போல் சொன்னாள்.

"நானாச் சொல்லேல்லை. குளம் பாக்கிற உத்தியோகத்தர் வந்து சொன்னவர்."

"ஆரிட்ட? என்னட்ட ஒருத்தரும் வரேல்லையே."

மழை காதில் அறைந்தது. என் சேலையெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்க்காமல் குளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"என்னட்ட. புரட்டாதியில. நீ நயினாதீவுக்குப் போன அண்டைக்கு. கட்டு என்ர எண்டு சொன்னனான். அதுதான் உனக்குச் சொல்ல ஏலாமல் போச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இப்படித் தாழ்ந்துபோய் நின்று பொய் சொல்ல மாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். குடையை மடக்கிக் கட்டின் மேல் போட்டுவிட்டு, படியால் இறங்கி, அந்தக் கொதிக்கிற மண்ணுக்கு முன்னால் குந்தினாள். தண்ணீரை அள்ளிப் பார்த்தாள். எழும்பி, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வானடிக்கு ஓடினாள்.

இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று மூட்டைகளைப் பிடுங்கினோம். நனைந்த மண்மூட்டை பிணப்பாரம். கடல் மோசமென்று தொழிலுக்குப் போகாமல் ரோட்டில் நின்ற இரண்டு மீனவர்கள் எங்கள் கூக்குரலைக் கேட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் கழுத்தில் செபமாலை கிடந்தது. பிடுங்கிய மூட்டைகளை அவர்கள் தோளில் போட்டுக் கொண்டுபோய், நான் சொன்னபடி, கசிவைச் சுற்றி வட்டமாக அடுக்கினார்கள். வாயை அடைக்க வேண்டாம் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். வான் திறந்தது. அவளுடைய நல்ல தண்ணீர் உவர்வெளியைப் பார்த்து ஓடியது. அவள் அதைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. அவளுக்காகவா, என் கிணற்றுக்காகவா என்று கேட்டால் இரண்டுக்கும்தான்.

பின்னேரம் குளம் முழங்கால் அளவு இறங்கியது. வட்டத்துக்குள் தேங்கிய தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. அந்த நேரத்தில்தான் புற்றின் குளத்துப் பக்கம் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தது. உள்ளே என் கை தோள்வரை போகிற அளவுக்குப் பொந்து. நாகம் இல்லை. கழற்றிப் போட்ட ஒரு சட்டை மட்டும் கிடந்தது. தங்கச்சி அதைச் சேறு படாமல் எடுத்து, கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தாள். கட்டு நின்றது.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் அவள் அந்தப் புரட்டாதிக் கதையை எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஊரில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கலாம். நான் ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவள் வழக்கம்போல் வேலியால் முருங்கைக்காய் நீட்டினாள்.

தையில் மழை விட்டதும், குருக்களைக் கேட்டு, புற்றடியில் ஒரு பொங்கல் பொங்கி, நாகத்திடம் மன்னிப்புக் கேட்டு, தகரக் கூரையை அவள் வாசல் பக்கம் மேட்டு நிலத்துக்கு மாற்றினோம். சனம் இன்னும் வருகிறது, இன்னும் என் படலையில்தான் வழி கேட்கிறது. பூவரசுகளைத் தறித்து வேரோடு எடுத்தோம். புற்று இருந்த இடத்தைக் கெட்டி மண் வரும்வரை கிண்டி, களிமண்ணைச் சாண் சாணாகப் போட்டு இடிக்கத் தொடங்கினோம். அவள் கூடையில் மண் சுமந்து வருவாள். நான் திமிசுக்கட்டையால் இடிப்பேன்.

அப்படி இடித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அந்த உத்தியோகத்தர் மறுபடி வந்தார். மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"அம்மா, உங்கட கட்டு தப்பிச்சுதோ? அந்த மழைக்க உங்களை நினைச்சனான்."

என் காது சுட்டது. இந்தமுறை உண்மையைச் சொல்லிவிடுவது என்று முன்னமே முடிவு செய்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் தங்கச்சி, தலையில் மண்கூடையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"ஓம் ஐயா, அக்காவின்ர கட்டுத்தான். அவ கண்ணில எண்ணெய் விட்டுப் பாத்தபடியால் தப்பிச்சுது. நான் உதவிக்கு வந்தனான்."

அவர் சந்தோசப்பட்டு, கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு போனார். தங்கச்சி கூடையை என் காலடியில் இறக்கிவிட்டு அடுத்த கூடைக்குத் திரும்பி நடந்தாள். சிரிக்கவில்லை. குத்திக் காட்டவுமில்லை.

அவளுக்குக் குளம் வந்தபோது எரிந்திருக்கிறேன். நாகம் வந்தபோது எரிந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு எரிந்ததுபோல் ஒரு நாளும் எரிந்ததில்லை. அந்த வார்த்தையை நான் அவளுக்காக ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். கூடை மண்ணைக் குழிக்குள் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து, இடிக்கத் தொடங்கினேன்.